சொல்லித் தந்தவரின் பெயர்

நிலாவெளி
16.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்பது பிள்ளைகளைக் கள்ளராக்கியது நீங்கள்தான். அவர்களில் ஒருத்தி எங்கள் தங்கச்சி.

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். என் நம்பரை புளொக் பண்ணியிருக்கிறீர்கள். தபாலை அப்படிப் பண்ண முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நிசாந்தினி நேற்று போனில் அழுதுகொண்டு சொன்னது இது. பிழை இருந்தால் திருத்துங்கள். ஓ.எல். சோதனைப் பெறுபேறு வந்துவிட்டது. உங்கள் வகுப்பில் எழுதிய பதினொரு பேரில் ஒன்பது பேருடைய பெறுபேற்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத் தாளில், திருவிழாவுக்குப் போனதைப் பற்றி நண்பனுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கேட்டார்களாம். ஒன்பது பேரும் ஒரே கடிதத்தை, ஒரே வரிசையில் எழுதியிருக்கிறார்கள். சரியாக எழுதியிருந்தால் பாடமாக்கியது என்று விட்டிருப்பார்கள். பிழையும் ஒரே பிழை, தேவையில்லாத 'லி'. கற்பூரம் "ஸ்மெல்ட் ஸ்வீட்லி." பொங்கல் "ரேஸ்டட் டிலிஷஸ்லி." அம்மா "லுக்ட் ஹப்பிலி." கடைசி வரி, களைத்துப்போனோம் என்பதற்கு, "வீ ஃபெல்ட் ரயர்ட்லி." இந்த நாட்டில் வேறு எந்தப் பிள்ளையும் ரயர்ட்லி என்று எழுதியிருக்காது. பார்த்தெழுதினார்கள் என்று சந்தேகப்பட வேறென்ன வேண்டும்?

அவர்கள் பார்த்தெழுதவில்லை. நீங்கள் சொல்லச் சொல்ல எழுதி, மூன்று மாதம் தேவாரம் மாதிரிப் பாடமாக்கிய கடிதம் அது. நிசாந்தினி கொப்பியைப் படமெடுத்து அனுப்பினாள். ஒவ்வொரு 'லி'க்குக் கீழும் உங்கள் சிவப்பு மைக் கோடு இருக்கிறது. எந்த மடையன் உங்களுக்கு அதைச் சொல்லித் தந்தான்?

அதே வகுப்பில் இருந்தும் பள்ளிக்கூடப் பக்கமே வராத லக்ஷனுக்குப் பெறுபேறு வந்திருக்கிறது. அவன் பாடமாக்கவில்லை, அதனால்.

ஒரு பக்கம் போதும். "இந்தக் கடிதத்தை வகுப்பில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்று எழுதி ஒப்பம் வைத்துப் பரீட்சைப் பகுதிக்கு அனுப்புங்கள்.

அம்மாவுக்குச் சீனி எவ்வளவில் நிற்கிறது? அப்பா மில்லுக்குப் போகிறாரா?

தம்பி
ரூபன்


முள்ளியவளை
05.08.2025

அன்புத் தம்பி ரூபனுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நால்வரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

போன செவ்வாய் அம்மாவை முல்லைத்தீவுக்கு கிளினிக் கூட்டிப்போனேன். சீனி இன்னும் இறங்கவில்லை. சோற்றைக் குறைக்கச் சொல்லி தாதி சொன்னதற்கு அம்மா, "சோறு திங்காம நான் என்ன காத்தையா திங்கிறது?" என்று கேட்டா. கிளினிக் முழுக்கச் சிரித்தது. திரும்பி வரும்போது தண்ணீரூற்றில் பஸ் நின்றுவிட்டது. அங்கிருந்து நடந்தோம். வழியெல்லாம் அம்மா தாதியைத் திட்டிக்கொண்டு வந்தா.

அப்பாவுக்கு மில்லில் வேலை குறைவு. மாரியில் விதைக்கும் காலபோகம் வெட்டினால்தான் இனி நெல் வரும். ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடாய். பள்ளிக்கூடத்தில் காற்றுக்குக் கூரைத் தகடு இரண்டு போய்விட்டது. பத்தாம் வகுப்பையும் பதினோராம் வகுப்பையும் சேர்த்து மாமரத்துக்குக் கீழே வைத்துப் படிப்பிக்கிறேன்.

மற்ற விசயத்தைப் பள்ளிக்கூட அதிபர் பார்த்துக்கொள்கிறார்.

உனக்கு அங்கே லீவு எப்போது?

அன்புடன்
அக்கா பிரேமிளா


நிலாவெளி
13.08.2025

அக்காவுக்கு,

நான் சுகம். ஆட்டுக்குட்டிகளும் சுகம் என்று அறிந்தேன்.

'மற்ற விசயம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. நிசாந்தினி. பதினேழு வயது. பெறுபேறு இல்லாமல் ஏ.எல். வகுப்பில் எடுக்கமாட்டோம் என்று முல்லைத்தீவுப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். குற்றம் என்று முடிவானால் இன்னும் சில வருடங்களுக்கு அவளால் எந்தச் சோதனையும் எழுத முடியாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கூரைத் தகட்டைப் பற்றி எழுதுகிறீர்கள்.

அந்த 'லி' பிழை என்று எனக்கும் போன வருடம் வரை தெரியாது. இங்கே ஹோட்டல் சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு ஜேர்மன்காரி மீன் எப்படி என்று கேட்டாள். "இட் ரேஸ்ட்ஸ் ஃப்ரெஷ்லி" என்றேன். மேற்பார்வையாளர் சாருஜன் குசினிக்குள் வந்து, "டேய் ரூபன், உன்ர மீன் நாக்கை நீட்டி ருசி பாக்குதோ?" என்று கேட்டார். ஒரு கிழமைக்கு எனக்கு அங்கே பெயரே ஃப்ரெஷ்லிதான்.

பிறகு அவர்தான் விளங்கப்படுத்தினார். மீன் அங்கே ஒரு செயலும் செய்யவில்லை. அது எப்படிப்பட்டது என்று மட்டும் சொல்கிறோம். அதனால் வெறும் ஃப்ரெஷ். மெதுவாக நடந்தான் என்றால் நடப்பது எப்படி என்று சொல்கிறோம், அங்கே ஸ்லோலி. தமிழில் இரண்டுக்கும் 'ஆக' போடுகிறோம். மெதுவாக நடந்தான், சந்தோசமாகத் தெரிந்தாள். அதைத்தான் அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைத்திருக்கிறீர்கள்.

நீங்கள் படித்த பள்ளிக்கூடத்திலும் ஆங்கிலத்துக்கு ஆள் இல்லை. நீங்கள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்திலும் எட்டு வருடமாக நியமனம் பெற்ற ஆள் ஒருவர் வரவில்லை. பட்டினப் பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்த சனத்தின் பிள்ளைகளுக்குத் உங்களை மாதிரி நிரந்தரமில்லாத தொண்டராசிரியை போதும் என்று எங்கேயோ ஒருவர் கதிரையில் இருந்து முடிவெடுத்திருக்கிறார். அவர் மீது எனக்குள்ள கோபம் தனி. ஆனால் அவருடைய முகவரி என்னிடம் இல்லை. உங்களுடைய முகவரி இருக்கிறது.

எழுதிவிட்டீர்களா, இல்லையா?

ரூபன்


முள்ளியவளை
10.09.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பல நாள். அம்மாவுக்குக் காலில் சிறிய புண். ஆறி வருகிறது. பயப்பட ஒன்றுமில்லை.

எழுதவில்லை.

எழுதி முடித்துக் கடித உறைக்குள் வைத்துக்கொண்டுதான் அதிபர் கனகலிங்கத்திடம் போனேன். அவர் வாசித்துவிட்டு, "பிள்ளை, இப்ப இதை ஒருத்தருக்கும் குடுக்காதையும். ஒக்ரோபரில உமக்கு நேர்முகம். எட்டு வருசம் காத்திருந்திட்டு, நிரந்தர நியமனம் வாற நேரத்திலயோ இப்பிடி ஒரு பேப்பர் குடுக்கிறது? அது முடியட்டும், பிறகு பாப்பம்" என்றார். உறையை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினார்.

நிசாந்தினி என்னோடு கதைப்பதில்லை. நான் கேட்டால் "ஓம்" என்கிறாள், "இல்லை" என்கிறாள். தன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு எழும்பிப் போகிறாள். முன்பு என்னுடைய கோப்பையையும் சேர்த்துக் கழுவுவாள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஸீம், பிகம், சவுண்ட் இவற்றுக்கும் அப்படித்தானா? கெட் என்பதற்கு? பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திருத்திச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இங்கே கேட்பதற்கு ஆள் இல்லை. ஆசிரியர் கைந்நூலில் இருக்கிறது, ஆனால் அது ஆங்கிலத்திலேயே விளக்கியிருக்கிறது.

நீ மெலிந்துவிட்டதாக நிசாந்தினி அம்மாவிடம் சொன்னாள். கவனம்.

அக்கா


நிலாவெளி
18.09.2025

அக்காவுக்கு,

சுகம். மெலியவில்லை.

ஸீம், சவுண்ட், லுக், ஸ்மெல், ரேஸ்ட், ஃபீல், பிகம், ஸ்ரே. எல்லாவற்றுக்கும் அப்படித்தான். ஷீ பிகேம் ஆங்ரி. ஆங்ரிலி அல்ல. இட் சவுண்ட்ஸ் ஸ்ரேஞ். கெட், 'ஆகுதல்' என்ற கருத்தில் வந்தால் அதற்கும். ஹீ கொட் ரயர்ட். ஆனால் ஒன்று: லுக் என்பது உற்றுப் பார்ப்பதாக இருந்தால் அது செயல். ஷீ லுக்ட் ஆங்ரிலி அட் மீ. கோபமாகத் தெரிந்தாள் என்பது வேறு, என்னைக் கோபமாகப் பார்த்தாள் என்பது வேறு. பிள்ளைகளுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். அவர்களையும் ஆளுக்கு ஐந்து வசனம் சொந்தமாக எழுதச் சொல்லுங்கள். பாடமாக்க விடாதீர்கள்.

பத்தாம் வகுப்புக்குத் திருத்திச் சொல்லும்போது, ஏன் திருத்துகிறீர்கள் என்று சொன்னீர்களா? போன வருடப் பதினோராம் வகுப்பு அக்காமார் அண்ணாமார் எதனால் வீட்டில் இருக்கிறார்கள் என்று சொன்னீர்களா? சொல்லியிருக்கமாட்டீர்கள்.

அதிபரின் லாச்சிக்குள் இருப்பது உங்கள் கடிதம் இல்லை. அந்த ஒன்பது பேருடைய சில வருடங்கள். இந்த மாதம் முடியும்வரை பார்ப்பேன். பிறகு நானே எழுதுவேன், உங்கள் பெயரைப் போட்டு. அக்கா என்று பார்க்கமாட்டேன்.

அம்மாவின் புண்ணுக்குத் தண்ணீர் படாமல் பார்க்கவும்.

ரூபன்


முள்ளியவளை
02.10.2025

தம்பி ரூபனுக்கு,

அம்மாவின் புண் ஆறிவிட்டது.

எழுது. எழுதும்போது இதையும் சேர்த்து எழுது.

2022 தை மாதம் எனக்கு டெங்கு வந்து முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நீ ஹோட்டல் பயிற்சி முடித்துவிட்டு, வேலைக்குக் கூப்பிடும்வரை வீட்டில் இருந்தாய். அதிபரிடம் கேட்டு மூன்று நாள் எனக்குப் பதிலாக என் வகுப்பை எடுத்தாய். நிசாந்தினியின் வகுப்பையும் எடுத்தாய். நான் திரும்பிப் போனபோது பிள்ளைகள், "ரீச்சர், ரூபன் அண்ணை சுகமா விளங்கப்படுத்தினவர். நீங்களும் அப்பிடிச் சொல்லித்தாங்கோ" என்று என்னைச் சுற்றி நின்றார்கள். கரும்பலகையில் ஒருவரும் அழிக்காமல் விட்டிருந்தார்கள். 'தமிழில் ஆக வந்தால் ஆங்கிலத்தில் லி.' கீழே பத்து உதாரணம். உன்னுடைய கையெழுத்து.

எனக்கு அது நல்லதாகப் பட்டது. அதற்கு முதல் அந்தப் பாடம் எனக்கே விளங்கியதில்லை. அன்றைக்குத்தான் விளங்கியது என்று நினைத்தேன். அந்த வருடத்திலிருந்து எல்லா வகுப்புக்கும் அதைத்தான் சொன்னேன். திருவிழாக் கடிதத்தை நான் எழுதினேன். உன்னுடைய பத்து உதாரணத்தில் நாலை எடுத்துத்தான் எழுதினேன்.

ஒன்பது பேரில் ஒருத்தி கஜேந்தினி. அவளுடைய எட்டாம் வகுப்புக் கொப்பியின் முதல் பக்கத்தில் அந்த விதியை நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய். கீழே 'ரூபன் சேர்' என்று ஒப்பமும் வைத்திருக்கிறாய். பெறுபேறு வந்த மறுநாள் கொப்பியை என்னிடம் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாள். அலுமாரியில் சாரிகளுக்குக் கீழே இருக்கிறது. அதிபருக்குக் காட்டவில்லை. வீட்டிலும் காட்டவில்லை. அன்றைக்குத்தான் உன் நம்பரை நிறுத்தினேன். கதைத்தால் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன்.

எந்த மடையன் என்று கேட்டிருந்தாய்.

அக்கா


நிலாவெளி
27.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான் நல்ல சுகம். வீட்டில் எல்லோரும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை. அனுப்பிய உடுப்புக் கிடைத்திருக்கும். நிசாந்தினிக்கு அளவு சரியா என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் மழை தொடங்கிவிட்டது. கடல் கலங்கிப்போய் இருக்கிறது. வெள்ளைக்காரர் குறைவு, வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் ஆட்கள்தான் வருகிறார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் ஓடர் தந்துவிட்டுத் தமிழில் குறை சொல்கிறார்கள். சாருஜனுக்கு மகள் பிறந்திருக்கிறாள். குசினியில் எல்லோருக்கும் கேக் தந்தார்.

அம்மாவை மாதாமாதம் கிளினிக் கூட்டிப்போகவும். அப்பாவுக்கு மில்லில் வேலை வந்துவிட்டதா? வயல் விதைத்துவிட்டார்களா?

ஆட்டுக்குட்டிகள் வளர்ந்திருக்கும்.

அன்புத் தம்பி
ரூபன்


முள்ளியவளை
01.11.2025

அன்புத் தம்பிக்கு,

உடுப்பு அளவாக இருக்கிறது. அவள் இன்னும் போடவில்லை. வயல் விதைத்தாயிற்று, முளைத்துவிட்டது.

நேர்முகம் முடிந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பெயர்ப்பட்டியல் வரும்வரை பொறுத்திருக்கச் சொல்லி அதிபர் சொல்கிறார். பட்டியல் வந்தால் நியமனக் கடிதம் வரும்வரை என்பார் என்று எனக்குத் தெரியும்.

விசாரணைக்குக் கடிதம் வந்திருக்கிறது. பதின்மூன்றாம் திகதி வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி, முல்லைத்தீவில். ஒன்பது பேரும் பெற்றோருடன் போக வேண்டும். சொல்லிக்கொடுத்தவர் நேரில் வந்தோ எழுத்திலோ தெரிவித்தால் ஏற்றுக்கொள்வார்களாம்.

நான் யோசித்துப் பார்த்தேன். நீ எழுது. கடிதம் முழுவதையும் நீதான் பிள்ளைகளுக்குக் கொடுத்தாய் என்று எழுது. விதி உன்னுடையது, கஜேந்தினியின் கொப்பி சாட்சி. நீ அரசாங்க வேலையில் இல்லை. உன்னை ஒன்றும் செய்யமாட்டார்கள். பிள்ளைகளும் தப்புவார்கள், எனக்கும் ஒன்றும் வராது. வியாழக்கிழமைக்கு முதல் கிடைக்கிற மாதிரிப் பதிவுத் தபாலில் அனுப்பு. அல்லது லீவு எடுத்து வா.

இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

அக்கா


நிலாவெளி
06.11.2025

அக்காவுக்கு,

விதி என்னுடையது. ஒத்துக்கொள்கிறேன். நாலு மாதமாக உங்களை ஏசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கிறேன்.

ஆனால் திருவிழாக் கடிதம் என்னுடையது இல்லை. அதை நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. கொடுத்ததாக எழுதினால் அது பொய்.

இன்னொன்றும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. கட்டாரில் ஒரு ஹோட்டலுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். மாசியில் போக வேண்டும். பொலிஸ் றிப்போட்டுக்குப் போட்டிருக்கிறேன். இந்த நேரத்தில் என் பெயர் ஒரு விசாரணையில் வந்தால் என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம்.

கடிதத்தைச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். நீங்கள் எழுதுங்கள். விதியைப் பற்றி வேண்டுமானால் என்னைக் குறிப்பிடுங்கள். வேண்டுமானால்தான்.

அம்மாவுக்கு கட்டார் விசயம் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

ரூபன்


முள்ளியவளை
14.11.2025

அன்புள்ள அண்ணாவுக்கும் அக்காவுக்கும்,

நிசாந்தினி எழுதுகிறேன். அண்ணா அங்கே சுகமாக இருப்பீர்கள். அக்கா சுகமாக இருப்பது எனக்குத் தெரிகிறது, பக்கத்து அறையில் மூன்றாம் தவணை விடைத்தாள் திருத்திக்கொண்டு இருக்கிறா. ஒரே கடிதத்தை இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று தபாலில். மற்றது அக்காவின் கைப்பைக்குள். இரண்டாவது, முதலாவதைப் பார்த்தெழுதியதுதான்.

அலுமாரியில் இருந்த கஜேந்தினியின் கொப்பியையும் அண்ணாவின் கடிதங்களையும் வாசித்தேன். அண்ணாவின் அறிவுரை எனக்கும் விளங்கியது. அக்கா என்ன எழுதியிருப்பா என்று அண்ணாவின் பதில்களிலிருந்து ஊகித்தேன். எனக்காக நாலு மாதமாக நிறைய எழுதியிருக்கிறீர்கள். பரீட்சைப் பகுதிக்கு மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். அப்பா மில்லுக்குப் போகாமல் வந்தார். வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். பெற்றோர்களை வெளியே நீள வாங்கில் இருத்திவிட்டு எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அங்கே விசாரித்த அதிகாரி அம்மா கோபமாகக் கேட்கவில்லை. "தங்கச்சி, நீங்கள் பாத்து எழுதேல்லை எண்டு எனக்கும் விளங்குது. ஒன்பது பேரும் ஒன்பது மேசையில இருந்தனீங்கள். ஆர் சொல்லித் தந்தது எண்டு மட்டும் எழுதித் தாங்கோ. இல்லாட்டி நான் இதை மூடேலாது" என்றா. ஒரு தாள் தந்தா. சொல்லித் தந்தவரின் பெயர் என்று ஒரு கோடு இருந்தது.

நாங்கள் ஒன்பது பேரும் முதல் நாளே கதைத்து வைத்திருந்தோம். ரீச்சரின் பெயரை நாங்களாகச் சொல்வதில்லை. நல்ல ரீச்சர். மழைக்கும் லீவு எடுக்காதவ. அவவாக வந்து சொல்லட்டும் என்று கஜேந்தினிதான் சொன்னாள். என் அக்கா என்பதால் நான் சொல்லக்கூடாது என்று இருந்தேன்.

ஒன்பது பேரும் கோட்டை வெறுமையாக விட்டுக் கொடுத்தோம். அந்த அம்மா வாங்கவில்லை. தாள்களைத் திருப்பித் தந்து, இருபத்தோராம் திகதி வரை தவணை தந்தா. அதற்குப் பிறகு எங்கள் விசாரணைக் கோவை கொழும்புக்குப் போகுமாம்.

வெளியே வந்தபோது அப்பா, "என்னம்மா கேட்டாங்க?" என்றார். "பேரு கேட்டாங்க" என்றேன். "சொல்லிட்டியா?" என்றார். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். என்னுடைய பெயரைக் கேட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, "கேட்டா சொல்லணும்மா, பயப்படக் கூடாது" என்றார். பஸ்ஸில் வரும்போது ஒரு பை வறுத்த கச்சான் கடலை வாங்கித் தந்தார்.

அப்பாவுக்கு நீங்கள் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. அக்காவின் பெயரையும் எனக்கு எழுதத் தெரியும், அண்ணாவின் பெயரையும் எழுதத் தெரியும். மற்ற எட்டுப் பேரும் நான் எழுதுவதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். உண்மையாகவே பார்த்தெழுதுவது அன்றைக்குத்தான் நடக்கும். அதற்கு முதல் உங்களில் ஒருவர் எழுதுங்கள்.

தங்கச்சி
நிசாந்தினி


முள்ளியவளை
20.11.2025

அண்ணாவுக்கும் அக்காவுக்கும்,

அம்மாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். குளிசை கொடுத்திருக்கிறேன்.

தபால்காரர் இன்றும் எங்கள் படலையில் நிற்கவில்லை. அக்காவின் பைக்குள் என் கடிதம் பிரித்து, மடித்து வைத்தபடி இருக்கிறது.

தபால் நாளைக்குள் போய்ச் சேராது, அதனால் அண்ணாவுக்கு இதைப் படமெடுத்து போனில் அனுப்புகிறேன். நாளைக்கு முதல் பஸ்ஸில் போகிறேன். யாருடைய பெயரை எழுதட்டும்? சொல்லுங்கோ.

நிசாந்தினி